மின்னலுக்கு எவ்வளவு பிரீமியம்

இரு சக்கர வாகனம் கண்டுபிடிக்கப்பட்டதே, என்றாவது ஒருநாள் அவன் பிறந்து அதில் ஏறி உட்காருவான் என்பதற்காகத்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுப் போனார். மிச்சத்தை இவன் பார்த்துக்கொண்டான். இதை அவன் தற்பெருமையாகச் சொல்வதில்லை. யாராவது மணி கேட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வான்.

அவனுக்கு மின்னல் என்று பெயர். வைத்தவனும் அவனேதான். தேநீர் வாங்கிக் கொடுக்கிற நாட்களில் நண்பர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் "ஏய்" என்பார்கள். சொந்தமாக ஒரு வண்டி அவனிடம் இதுவரை இருந்ததில்லை. இவ்வளவு புகழும் இரவல் வண்டியில் சேர்த்ததுதான். லைசன்ஸ் கைக்கு வந்தும் ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த இரண்டையும் வரலாறு கண்டுகொள்ளாது என்று அவன் நம்பினான்.

பிழைப்புக்கு லிஃப்ட் பராமரிப்பு. வேகத்துக்காகவே பிறந்தவன், மூன்றாவது மாடியிலிருந்து நாலாவது மாடிக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் பெட்டிகளோடு பகல் முழுக்கக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தான். விதியின் குசும்பு அது.

விதி அதோடு விடவில்லை. அவனுக்கு ஓர் அக்காவையும் கொடுத்திருந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். அவளிடமும் ஒரு பைக் உண்டு. சின்ன எஞ்சின், சளி பிடித்தவர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். அதில் அவள் போவதைப் பார்த்தால், வண்டி போகிறதா, தெரு பின்னால் நகர்கிறதா என்று சந்தேகம் வரும். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வாசற்படியில் பலகை போட்டு வண்டியை முன்னறைக்குள் ஏற்றுவாள். சுவரோரமாக, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். ஹேண்டிலைப் பூட்டுவாள். சக்கரத்துக்குள் சங்கிலியை விட்டு ஜன்னல் கம்பியோடு சேர்த்து இன்னொரு பூட்டு. பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பாள். நம்பிக்கை வராமல் மறுபடி இழுப்பாள். கடைசியில் பூப்போட்ட பழைய போர்வை ஒன்றை எடுத்துப் போர்த்தி, நாலு மூலையையும் செருகிவிடுவாள்.

இந்தச் சடங்கு நடக்கும்போதெல்லாம் மின்னல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

"தூங்கிருச்சாக்கா?"

"நீ வாய மூடினா தூங்கிரும்."

"பால் குடுத்தியா?"

"உனக்கே இன்னும் குடுக்கல. வரிசையில நில்லு."

"யாருக்கா இத தூக்கிட்டுப் போகப்போறா? திருடனுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்காதா?"

அக்கா அலட்டிக்கொள்ள மாட்டாள். போர்வையின் சுருக்கத்தைத் தடவிவிட்டுச் சொல்வாள்: "ஏழு வருஷம். ஒரு க்ளெய்ம் கிடையாது."

மற்றவர்கள் தாங்கள் வாங்கிய பட்டத்தைச் சொல்வதுபோல அவள் இதைச் சொல்வாள். விபத்து, திருட்டு என்று நஷ்டஈடு எதுவும் கேட்காததால், ஒவ்வொரு வருஷமும் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பிரீமியம் கொஞ்சம் குறையும். குறைந்ததைப் பிள்ளை வாங்கிய மார்க் மாதிரி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தண்ணீர் கேன் போட வந்தவர்கூட ஒருமுறை நின்று கேட்டு, பாராட்டிவிட்டுத்தான் போனார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மின்னலின் வண்டி வரவேண்டியிருந்தது.

அது கறுப்பு நிறம். எஞ்சின் ஒரு சின்னப் பன்றிக்குட்டி அளவு இருக்கும். முன்பு வைத்திருந்தவர் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் ஒன்றை மாட்டியிருந்தார். அதன் சத்தத்தில், அது விற்பனைக்கு நின்றிருந்த ஒர்க்ஷாப்பின் கூரைத் தகரமே அதிர்ந்தது. மின்னல் சேமிப்பைத் துடைத்தெடுத்துக் கொடுத்து அதை வாங்கிவிட்டான். ஒர்க்ஷாப்காரர் பணத்தை வாங்கிக்கொண்டார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

"இன்சூரன்ஸ் போட்டுட்டு வா. அதில்லாம என் கேட்ட விட்டு ஒரு வண்டி வெளிய போகாது. சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல இடமில்லப்பா. இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்கார், அவருக்குக் குடுத்துட்டு உன் பணத்தத் திருப்பிருவேன்."

"இன்சூரன்ஸ் என்னண்ணே, போற வழியில போட்டுக்கறேன்" என்றான் மின்னல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நேராகக் கைப்பந்துத் திடலுக்குப் போய், நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்தி அறிவித்தான்: "சனிக்கிழம சாயங்காலம் வண்டியில வர்றேன். முதல்ல சத்தம் வரும். அப்புறம் நான் வருவேன்."

சுருட்டை முடிக்காரன் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டான். "சத்தத்த மட்டும் அனுப்பினா போதாதா?"

ஆக, சனிக்கிழமை சாயங்காலம் அந்த வண்டி தெருவுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் வண்டியும் போகும், மின்னல் என்ற பெயரும் போகும். "ஏய்" மட்டும் மிஞ்சும்.

இன்சூரன்ஸ் அலுவலகம் ஒரு கட்டிடத்தின் மாடியில் இருந்தது. கணினிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு அவனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படாத முகம். இங்கேதான் மின்னல் ஒரு தப்பு செய்தான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்வதை அவன் அதற்கு முன் பார்த்தது ஒரே ஓர் இடத்தில்தான்: வேலைக்கான நேர்காணலில். அங்கே அடக்கமாகப் பேசினால் வேலை கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வண்டி எத்தன சிசி?"

சொன்னான். சொல்லிவிட்டு அவள் அசந்துபோவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தான். அவள் தட்டச்சு செய்தாள்.

"எவ்வளவு நாளா ஓட்டறீங்க?"

"பொறந்ததுல இருந்து."

"லைசன்ஸ் படி."

"ஆறு மாசம். ஆனா மத்தவங்க ஆயுசுக்கும் பாக்காதத நான் அந்த ஆறு மாசத்துல பாத்துட்டேன், மேடம்."

"விபத்து ஏதாவது?"

"சாவ நேருக்கு நேர் பாத்திருக்கேன். அது ஒதுங்கி வழி விட்டுது."

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். நல்லபடியாகப் போகிறது என்று மின்னலுக்குத் தோன்றியது.

"வருஷத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"தூரத்த நான் கணக்குப் பாக்கறதில்ல."

"ஒரு நம்பர் வேணும்."

பூமியைச் சுற்றிவந்து வீட்டு வாசலில் நிறுத்தப் போதுமான ஒரு நம்பரைச் சொன்னான்.

"வேலைக்கும் இந்த வண்டிதானா?"

"ஊருல எந்த மூலையில லிஃப்ட் நின்னாலும் இதுலதான் பறந்து போவேன். உள்ள மாட்டிக்கிட்டவங்க சத்தத்த வெச்சே தெரிஞ்சுக்குவாங்க, ஆள் வந்தாச்சுன்னு."

"சத்தம்னா? சைலன்சர் மாத்தியிருக்கா?"

"ரெண்டு தெருவுக்குக் கேக்கும்" என்றான், பெருமை தாங்காமல்.

"வேற யாராவது ஓட்டுவாங்களா?"

"நண்பர்கள் எல்லாருக்கும் குடுப்பேன். மனசு பெருசு எனக்கு."

"ராத்திரி எங்க நிறுத்துவீங்க?"

"வீட்டு முன்னாடி. விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழ. போறவங்க வர்றவங்க நல்லா பாக்கணும்ல?"

"பூட்டு?"

"என் வண்டியத் தொட எவனுக்கு மேடம் துணிச்சல் வரும்?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அங்கிருந்த தொகை வண்டி விலையில் பாதிக்கு மேல் இருந்தது. ஒரு கணம், அது தனக்குத் தரப்போகிற பரிசுத்தொகை என்றே மின்னல் நினைத்தான்.

"இவ்வளவு நல்லா ஓட்டறவனுக்கு இவ்வளவா?"

"நல்லா ஓட்டறேன்னு நீங்க எங்க சொன்னீங்க?" அவள் குரலில் கேலியில்லை, அதுதான் வலித்தது. "பெரிய வண்டி, புது லைசன்ஸ், விபத்து ஆயிருக்கு, வேலைக்கும் ஓட்டறேன், சைலன்சர் மாத்திட்டேன், எல்லார் கையிலயும் குடுப்பேன், தெருவுல பூட்டாம விடுவேன். இதத்தான சொன்னீங்க? இந்த வண்டி விழறதுக்கும், இடிக்கறதுக்கும், காணாமப் போறதுக்கும் எவ்வளவு வாய்ப்புன்னு பாத்துத்தான் காசு. உங்களுக்கு எல்லாமே பிரமாதமா இருக்கு."

மின்னல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "அப்ப இப்படி எழுதிக்குங்க. வண்டிய வெளியவே எடுக்க மாட்டேன். இரும்புக் கதவு போட்ட அறையில வெச்சு, காவலுக்கு ஆள் போட்டு…"

"எந்தப் பக்கம் அளந்தாலும் பொய் பொய்தான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கையில ஒண்ணும் வராது. உண்மை எதுன்னு யோசிச்சுட்டு வாங்க."

அன்று சாயங்காலம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு மறுபடி சிரித்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிக்கா அவ்வளவு கம்மி?"

"என் வண்டிய யாருடா திருடுவான்? திருடினாலும் நடந்தே போய்ப் பிடிச்சுரலாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் கதவைப் பிரித்துப் போட்டு மின்னல் வேலை செய்துகொண்டிருந்தான். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் எல்லா மாதமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பக்கத்துக் கட்டிடத்துக்காரங்க பராமரிப்புக்கு எங்களவிடக் கம்மியாக் கட்டறாங்களாமே. இது என்னப்பா நியாயம்?"

இந்தக் கேள்வி மின்னலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. தொழிலைப் பற்றிப் பேசும்போது அவன் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துவிடும்.

"அவங்களுக்கு மூணு மாடி சார், உங்களுக்கு ஒம்பது. அவங்களுது போன வருஷம் போட்டது, உங்களுது எனக்கு மூத்தது."

"இருந்தா என்ன? எங்க லிஃப்ட் மாதிரி உழைக்கற லிஃப்ட் ஊருலயே கிடையாது. ஒரு நிமிஷம் நிக்காது. போன வாரம் மூணாவது மாடிக்காரர் பீரோவையே ஏத்தினார். அஞ்சாவது மாடிப் பசங்க கதவக் கால வெச்சு நிறுத்தி மணிக்கணக்கா விளையாடறாங்க. தாங்குதே!"

"பெருமையாச் சொல்றீங்களா சார், புகார் சொல்றீங்களா? நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் கட்டணத்த ஏத்தற விஷயம். எவ்வளவு ஓடுது, எப்படி ஓட்டறாங்க, யாரு கையில விடறீங்க, அதானே கணக்கு? நாங்க என்ன, லிஃப்ட் அழகா இருக்குன்னா காசு வாங்கறோ…"

அவன் வாய் அங்கேயே நின்றது. ஸ்பேனரும் நின்றது. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நிற்பதுபோல ஒரு நிற்பு.

"என்னப்பா ஆச்சு?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்ல சார். ஒருத்தர் சொன்னது இப்பத்தான் மேல வந்து சேருது."

வேலை முடிந்து கம்பெனி வேனில் திரும்பினான். வேலைக்கு அவன் பறப்பதெல்லாம் இந்த வேனின் பின்பக்கத்தில், கேபிள் உருளைக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில்தான். அதை நேற்று அந்தப் பெண்ணிடம் சொல்ல ஏனோ நாக்கு வரவில்லை. நாக்கு வராததற்கு மட்டும் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று இப்போது யோசித்தான்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறைச் சுவரைக் கையால் அளந்தான். அக்கா போர்வையும் கையுமாக நின்று பார்த்தாள்.

"என்னடா, வீட்ட விக்கறியா?"

"அக்கா, இந்தச் செருப்பு அலமாரிய அந்தப் பக்கம் தள்ளினா இன்னொரு வண்டி நிக்கும்ல?"

அக்கா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். இப்படி ஒரு தருணம் வாழ்க்கையில் அடிக்கடி வராது. அதை முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எந்த வண்டி? விளக்குக் கம்பத்துக்குக் கீழ நிக்குமே, அந்த வண்டியா?"

"இன்சூரன்ஸ்காரங்க சொல்றாங்க. எனக்கொண்ணும் இல்ல."

"என் வண்டிக்குப் பக்கத்துல நிக்கணும்னா ஒழுக்கமா நிக்கணும். எண்ண சிந்தக் கூடாது. சத்தம் போடக் கூடாது. இந்த வீட்டுல சத்தத்துக்கு நீ ஒருத்தன் போதும்."

"சரி."

"சங்கிலி?"

"…உங்கிட்ட பழசு ஒண்ணு இருக்கும்ல?"

அக்கா அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தாள். "பிடிடா அந்தப் பக்கம்" என்றாள். சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனசு.

சனிக்கிழமை காலையில் ஒர்க்ஷாப்காரரிடம் பழைய சைலன்சரைக் கேட்டபோது, அவர் மூலையில் சாக்கு சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்தார். மாட்டி முடித்து எஞ்சினை உயிர்ப்பித்தார். கூரைத் தகரம் அசையவில்லை. வண்டி, சாப்பிட்டு முடித்த பெரியவர் மாதிரி திருப்தியாக உறுமியது.

அங்கிருந்து இன்சூரன்ஸ் அலுவலகம். அதே பெண். மின்னல் இந்த முறை காலரைத் தொடவில்லை.

"விபத்து?" என்றாள்.

உண்மையைச் சொல்வது, ஒன்பது மாடி லிஃப்டைக் கையால் சுற்றி ஏற்றுவது மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்ல மேடம். ஒருதடவ ஸ்டாண்ட் சரியாப் போடாம, இரவல் வண்டி கடை முன்னாடி சாஞ்சுது. கண்ணாடி உடஞ்சுது. நான் அப்ப பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சிட்டிருந்தேன்."

"சாவு ஒதுங்கி வழி விட்டுதே?"

"அது எருமை. வளைவுல வந்துச்சு. வழி விட்டதும் நான்தான்."

முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ அசைந்தது. அவள் அதை உடனே சரிசெய்துகொண்டாள். வேலைக்கு வேனில் போவதைச் சொன்னான். வேன் நிற்கும் டெப்போவுக்குப் போகவர மட்டும்தான் பைக். நிஜமான தூரத்தைச் சொன்னான். அதில் பூமியைச் சுற்ற முடியாது, ஊரைச் சில தடவை சுற்றலாம். யாருக்கும் இரவல் இல்லை. ராத்திரி வீட்டுக்குள், சங்கிலி போட்டு. சின்னக் கீறல், சின்ன நசுங்கல் வந்தால் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் தொகை ஒரு படி இறங்கியது. உண்மை இவ்வளவு மலிவான பொருள் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

"எஞ்சின் பெருசு, லைசன்ஸ் புதுசு. அது ரெண்டுக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் அவள். "இந்த வருஷம் க்ளெய்ம் எதுவும் இல்லாம ஓட்டினா அடுத்த வருஷம் குறையும். அப்புறம் இன்னும் குறையும்."

அக்கா கட்டுவதைவிட அதிகம்தான். ஆனால் கட்டக்கூடிய தொகை. பணத்தைக் கட்டிவிட்டு எழுந்தவன் ஒரு நிமிடம் தயங்கினான்.

"மேடம், க்ளெய்ம் இல்லாம ஏழு வருஷம் ஓட்டறவங்க நிறையப் பேர் இருக்காங்களா?"

"எங்கிட்ட வர்றவங்கள்ல? ரொம்பக் கம்மி."

படி இறங்கும்போது மின்னலுக்கு ஏனோ நெஞ்சு நிமிர்ந்தது. தனக்காக அல்லாமல் இன்னொருவருக்காக அது நிமிர்வது புது அனுபவமாக இருந்தது.

சாயங்காலம் கைப்பந்துத் திடலில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். சத்தம் வரவில்லை. வண்டிதான் வந்தது. கறுப்பாக, பளபளவென்று, வெயில் ஒழுகும் டேங்க்கோடு, ஹெல்மெட் போட்ட ஒருவனைச் சுமந்துகொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று யோசித்து வந்தது. பந்து யாரும் பிடிக்காமல் உருண்டு போனது.

மின்னல் இறங்கினான். ஸ்டாண்டைப் போட்டான். போட்டிருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தான்.

"என்னடா, தள்ளிட்டு வந்தியா?" என்றான் சுருட்டை.

"ஓட்டிட்டு வந்தேன். நல்லா ஓட்டினா சத்தம் கேக்காது."

வண்டி அப்படி அழகாக இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுருட்டை சீட்டைத் தடவினான். "மச்சான், ஒரே ஒரு ரவுண்டு. சாவியக் குடு."

"குடுக்க முடியாதுடா. நான் மட்டும்தான் ஓட்டுவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஹெல்மெட், ஆமை வேகம், இரவல் கிடையாது. அச்சு அசலா உங்க அக்கா மாதிரியே ஆயிட்டியேடா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மின்னல் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க்கின் மேல் வைத்தான். யாராவது மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான்:

"ஏழு வருஷம். ஒரு க்ளெய்ம் கிடையாது. உங்க வீட்டுல அப்படி யாராவது இருந்தா கூட்டிட்டு வா, பேசலாம்."

அன்று தேநீரைச் சுருட்டைதான் வாங்கிக் கொடுத்தான். ஏன் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

மின்னல் வீடு திரும்பியபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். அவளுடைய வண்டி ஏற்கெனவே உள்ளே வந்து போர்த்திக்கொண்டு நின்றது. அவன் சத்தம் காட்டாமல் பலகையைப் போட்டு, மூச்சுப் பிடித்து, தன் வண்டியை ஏற்றினான். சுவரோரமாக நிறுத்தினான். ஹேண்டிலைப் பூட்டினான். சங்கிலியை ஜன்னல் கம்பியோடு கோத்துப் பூட்டி, ஒருதரம் இழுத்துப் பார்த்தான்.

அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். அக்கா முதுகு காட்டி நின்றாள். மறுபடி இழுத்துப் பார்த்தான்.

தன் கட்டிலிலிருந்து கோடு போட்ட போர்வையை உருவிக்கொண்டு வந்து டேங்க்கின் மேல் விரித்தான். சின்னதாக இருந்தது; பின்சக்கரத்தை மூடினால் விளக்கு தெரிந்தது, விளக்கை மூடினால் சக்கரம் தெரிந்தது. விளக்குப் பக்கமாக இழுத்துவிட்டு, மூலைகளை ஒவ்வொன்றாகச் செருகினான். பக்கத்தில் பூப்போட்ட போர்வை ஒரு மூலையில் விலகியிருந்தது. குனிந்து அதையும் செருகிவிட்டான்.

"தூங்கிருச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மின்னல் உதட்டில் விரலை வைத்தான்.